பாய்ப்படகின் இரண்டு பேட்டரிகள்

அன்று படகுத் துறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

விடுதியின் மேனேஜர். கண்டிப் பக்கத்துச் சிங்களவர். நன்றாகத் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் தமிழ் போய்விடும்.

படகு ஓட்டுகிறவர். தெற்கே காலி ஊர்க் கடற்கரை ஆள். சனி, ஞாயிறு மட்டும் வேலைக்கு வருவார்.

வாச்சர். எங்கள் ஆள். மலையகத் தமிழர். முன்பு தேயிலைத் தோட்டத்தில் மருந்தடித்தவர். இப்போது படகையும் கரையையும் காவல் பார்க்கிறார்.

வாச்சரின் மனைவி. கொழுந்து பறிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலைக்குப் போகவில்லை.

நான். ஹட்டனில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறவள்.

ஒரு நாயும் இருந்தது. அது மட்டும் யாரையும் சந்தேகப்படவில்லை.

படகின் பேட்டரிக்கும் சார்ஜுக்கும் புதிதாகத் திட்டம் போடவேண்டும் என்றுதான் மேனேஜர் போனில் அழைத்திருந்தார். நேரில் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, வயர் வேலை பிறகு. முதல்ல ஆள கண்டுபிடிங்க.”

“என்ன ஆளு?”

“கரண்ட் எடுக்கிற ஆள்.”

சொல்லிவிட்டு வாச்சர் பக்கம் பார்த்தார். வாச்சர் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

விஷயம் இதுதான். முன்பு தோட்டத்துத் துரை இருந்த பங்களா இப்போது விடுதி. கீழே நீர்த்தேக்கம். அதில் ஒரு வெள்ளைப் பாய்ப்படகு. உள்ளே நான்கு பேர் படுக்கலாம். சனிக்கிழமை மத்தியானம் ஆட்கள் ஏறுவார்கள், ஞாயிறு மத்தியானம் இறங்குவார்கள். காற்று இல்லாவிட்டால் ஓட்ட ஒரு சின்ன எஞ்சின் உண்டு. பேட்டரி இரண்டு. ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் பண்ண. மற்றது விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சின்ன பிரிட்ஜுக்கும். கூரையில் ஒரு சோலார் பேனல். திங்கள் முதல் வெள்ளி வரை படகு சும்மா நிற்கும். அந்த ஐந்து நாள் வெயிலில் பேட்டரி நிரம்பிவிடும் என்று படகை விற்றவர்கள் சொன்னார்களாம். நிரம்பவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பேட்டரி செத்துக் கிடந்தது.

போன சனிக்கிழமை நடுத் தண்ணீரில் காற்று நின்றுவிட்டது. பனி இறங்கி மூடிவிட்டது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. கொழும்பிலிருந்து வந்த குடும்பம், பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். வாச்சர் துடுப்புப் படகில் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

அதைக்கூட மேனேஜர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

“நான் போன் பண்ணுறதுக்கு முந்தி இவர் போயிட்டார். எஞ்சின் வேலை செய்யாதுன்னு இவருக்கு எப்படி தெரியும்?”

கேள்வி எனக்கும் சரியாகத்தான் பட்டது.

நான் எளிதில் நம்புகிறவள் அல்ல. பேட்டரிக் கடையில் வந்து யாரும் உண்மை சொல்வதில்லை. நேற்றுத்தான் வாங்கியது என்பார்கள். அடியில் திகதி குத்தியிருக்கும், மூன்று வருடம் ஆகியிருக்கும். தண்ணீர் ஊற்றினேன் என்பார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே காய்ந்து கிடக்கும். ஆளைப் பார்க்காமல் மீட்டரைப் பார்க்கப் பழகிவிட்டேன்.

“ஆளு யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?” என்று மேனேஜரிடம் கேட்டேன்.

“மாசக் கடைசியோட வேலை இல்ல. அந்த ரூமும் இல்ல.”

துறைக்கு மேலே, தேயிலை ஓரத்தில் ஒரு அறை இருக்கிறது. வாச்சரும் மனைவியும் அதில்தான் இருக்கிறார்கள். லயத்து வரிசை வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே ஆறு பேர். திரும்பிப் போனால் படுக்க இடம் இல்லை.

அது அவர்கள் பாடு. நான் படகுக்குள் இறங்கினேன்.

படகோட்டி கூடவே வந்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும், வாய் நிறைய வரும்.

“அக்கா, நான் கடல்ல பத்து வருஷம் ஓட்டினது. கடல்ல கரண்ட் கள்ளன் இல்ல. இந்த மலையிலதான் இருக்கு.”

மேலே நின்ற வாச்சர் சும்மா இருக்கவில்லை. “மலையில அட்டதான் இருக்கு தம்பி. அது ரத்தம்தான் குடிக்கும், கரண்டு குடிக்காது. சப்பாத்த கழட்டிப் பாருங்க, இப்பவும் ரெண்டு இருக்கும்.”

படகோட்டி உடனே காலைப் பார்த்தார். ஒன்று இருந்தது.

பேட்டரிகளுக்குப் பக்கத்தில் ஒரு திருகு சுவிட்ச் இருந்தது. ஒன்று, இரண்டு, இரண்டும் என்று மூன்று இடம். அது ‘இரண்டும்’ என்ற இடத்தில் நின்றது.

“இத யாரு இப்படி வச்சது?”

“நான்தான். ரெண்டும் சேர்ந்தா பலம்தானே?” என்றார் படகோட்டி.

“பலம் இல்ல தம்பி. செத்தது உசுரோட இருக்கிறதயும் சேத்து இழுத்துரும்.”

எஞ்சின் ஏன் திரும்பவில்லை என்பது தெரிந்துவிட்டது. பிரிட்ஜ் ஒரு பேட்டரியை மட்டும் குடிக்கவில்லை, இரண்டையும் குடித்திருந்தது. ஆனால் அது சனிக்கிழமை கதை. ஐந்து நாளாகப் பேட்டரி ஏன் நிரம்பவில்லை என்பது அதில் இல்லை. படகோட்டியையும் ஒரு ஓரத்தில் சந்தேகமாக வைத்துக்கொண்டேன்.

எல்லா சுவிட்சையும் அணைத்தேன். பேனல் வயரைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, விளக்குப் பேட்டரியை அளந்தேன். பதினொன்று தசம் ஒன்பது. நல்ல பேட்டரி நிரம்பியிருந்தால் பன்னிரண்டே முக்கால் வோல்ட் பக்கம் காட்டவேண்டும். இது பாதிக்கும் கீழே.

பிறகு மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்தேன். ஏதாவது ஒளிந்திருந்து குடித்தால் அதில் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. வயரில் ஓட்டை இல்லை என்றால் எடுப்பது கைதான்.

பேனல் நன்றாக இருந்தது. கண்ணாடி அப்போதுதான் துடைத்தது போல. வயரைத் திரும்ப மாட்டியதும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறுகிறது என்று பார்த்ததுமே மேகம் வந்து மூடிவிட்டது. ஒன்றை மட்டும் கவனித்தேன். பேனலின் நான்கு மூலையிலும் சின்னச் சின்னக் கயிற்று முடிச்சு. எதையோ கட்டி அவிழ்த்த மாதிரி. பேனலைக் கழற்றிக் கொண்டுபோய் வேறெங்கோ வைத்துக் கட்டுகிறார்களோ என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

வாச்சரின் மனைவி தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். போனேன். தேத்தண்ணிக்காக மட்டும் போகவில்லை.

சின்ன அறை. துப்புரவாக இருந்தது. எல்லாம் மூடியிருந்தது. டிவிக்குப் பூப்போட்ட துணி. ரேடியோவுக்குப் பொலித்தீன். டிவி ரிமோட்கூட வாங்கிய உறைக்குள்ளேயே இருந்தது, பட்டன் இடமெல்லாம் உறை தேய்ந்து வெள்ளையாக. சாமி படத்துக்கும் ஒரு கண்ணாடித்தாள். மறைக்கிற வீடு என்று மனதில் பட்டது.

சுவரில் ஆணி. ஆணியில் ஒரு வயர். இரண்டு முனையிலும் பேட்டரியைக் கவ்வும் கிளிப்.

“இது என்னத்துக்குண்ணே?”

வாச்சர் திரும்பிப் பார்த்தார். “அதா? லயத்துல கரண்டு இல்லாத காலத்துல டிவிக்குப் போட்டது தங்கச்சி. பேட்டரிய தலையில வச்சு பஜாருக்குத் தூக்கிட்டுப் போயி சார்ஜ் பண்ணி வருவோம். ஒங்க வீட்டுல இல்லையா?”

இருந்தது. இன்னும் இருக்கிறது. ஆனால் என் அறைக்குப் பக்கத்தில் பாய்ப்படகு நிற்கவில்லை.

“மாத்தியா என்னதான் சொல்றாரு?” என்று மனைவி கேட்டார். மாத்தியா என்றால் ஐயா, மேனேஜரைத்தான்.

“பேட்டரி நிரம்பலங்கிறாரு மதினி.”

“நாங்க எடுக்கிறோம்ங்கிறாரா?”

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அவர் கோப்பையை வாங்கிக் கழுவப் போய்விட்டார்.

திரும்பப் படகுக்கு வந்தேன். என் பையில் எப்போதும் சிவப்பு நகப்பூச்சு ஒன்று இருக்கும். நகத்துக்குப் போட்டதில்லை. பேட்டரித் தலையிலும் அதன் நட்டிலும் சேர்த்து ஒரு கோடு இழுத்தேன். பேனல் வயர் மாட்டும் இடத்திலும் இழுத்தேன். காய்ந்தபின் யாராவது நட்டைத் திருப்பினாலோ, கிளிப் போட்டுக் கவ்வினாலோ கோடு உடையும்.

நிமிர்ந்தால் மதினி துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தங்கச்சி, பேட்டரிக்குக் கல்யாணமா?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டேன். கலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். நான் படித்தது ஆறாம் ஆண்டு வரை. படம் வரைய அது போதும்.

முதலில் செலவு. பிரிட்ஜ் ஓடும்போது நாலு ஆம்பியர் இழுக்கும். ஓடி ஓடி நிற்கும். ஒரு பகல், ஒரு இரவு போட்டால் ஐம்பது போய்விடும். விளக்கும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து இன்னொரு பத்து. பேட்டரி கொள்ளுவது நூறு. ஆனால் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது, ஆயுள் குறையும். அப்படியானால் ஒரு வார இறுதியிலேயே எல்லை தாண்டியாகிவிட்டது.

அடுத்தது வரவு. விற்றவர்கள் ஒரு நாளுக்கு ஐந்து மணி நேர வெயில் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். அது கடற்கரைக் கணக்கு. இங்கே ஒன்பது மணிக்குத்தான் பனி விலகும். இரண்டு மணிக்கு மேகம் வந்து உட்காரும். நடுவிலும் பாதி நேரம் மேகம்தான், அதனால் நான் இரண்டு மணி நேரம் என்று போட்டேன். அப்படிப் போட்டாலும் நாளைக்குப் பத்து ஏறும். ஐந்து நாளில் ஐம்பது. நிரம்பி வழியாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருந்த இடத்திலேயே சனிக்கிழமையும் நிற்காது.

அந்தக் கணக்கைப் பார்த்ததும் சந்தேகம் கூடிவிட்டது. ஏறவேண்டிய ஐம்பது எங்கே போகிறது? அந்தப் பக்கம் இரவில் கரண்ட் அடிக்கடி போகும். ஒரு டிவி, ஒரு விளக்கு, ஐந்து இரவு. ஏறக்குறைய அதே அளவு வருகிறது.

இருந்தாலும் தாளை முடித்தேன். எஞ்சின் பேட்டரி தனி. அதை வேறு எதுவும் தொடக்கூடாது. எஞ்சின் ஓடும்போது வரும் சார்ஜ் முதலில் அதற்குப் போகவேண்டும், அது நிரம்பினால்தான் மற்றதற்கு. நடுவில் அதைத் தானாகத் திறந்து மூடும் ஒரு ரிலே. பேனல் நேராக விளக்குப் பேட்டரிக்கு. ஒவ்வொரு பேட்டரியின் பிளஸ் வயரிலும், ஒரு சாண் தூரத்துக்குள், ஒரு பியூஸ். தண்ணீர்மேல் தீப்பிடித்தால் ஓட இடமில்லை. வயர் ஒரு சைஸ் தடிப்பாக. மூட்டுக்கெல்லாம் கிரீஸ், இல்லாவிட்டால் இந்த ஈரத்தில் ஒரு மழைக்காலத்திலேயே பச்சை பூத்துவிடும்.

புதன்கிழமை பொகவந்தலாவையில் ஒரு லொறிக்குப் பேட்டரி மாட்டப் போகவேண்டியிருந்தது. ஹட்டனில் பஸ் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். ரோட்டிலிருந்து பார்த்தால் நீர்த்தேக்கம் கீழே தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது படகின் கூரையிலிருந்து ஒரு வெளிச்சம் கண்ணில் அடித்தது. கண்ணாடியில் வெயில் பட்டு.

புதன்கிழமையும் நல்ல வெயில். தண்ணீரெல்லாம் மின்னியது. படகு மின்னவில்லை. கூரையில் நீலமாக ஏதோ இருந்தது.

பேனல் போய்விட்டது என்று நினைத்தேன். மணி அடித்து இறங்கினேன். கண்டக்டர் திட்டினார்.

தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கினேன். வாச்சர் கரையில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

“என்ன தங்கச்சி, சொல்லாமக் கொள்ளாம?”

“பேனல் எங்கண்ணே?”

“எங்க போகும்? கூரையிலதான் இருக்கு. போத்தி வச்சிருக்கேன்.”

போய்ப் பார்த்தேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் தடித்த படங்கு. நீல நிறம். இரண்டைச் சேர்த்துத் தைத்து, நான்கு மூலையிலும் நாடா வைத்து, பேனலை அளவெடுத்து மூடியிருந்தது. தையல் மதினியின் கை.

“எதுக்கு மூடினீங்க?”

“எதுக்கா? கண்ணாடில்ல தங்கச்சி. கொரங்கு குதிக்கும். மேல இருந்து கொப்பு விழும். ராவுல பனி பிடிக்கும்.”

“எப்ப மூடுவீங்க?”

“ஆளுங்க எறங்கிப் போனதும். ஞாயித்துக்கெழம பொழுதுபட.”

“எப்ப தொறப்பீங்க?”

“சனிக்கெழம காலையில. தொறந்து, தொடச்சு, பளபளன்னு ஆக்கிருவேன். மாத்தியா வந்து பாக்குறப்ப ஒரு கீறல் இருக்கக்கூடாது.”

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

“வெயில் பட்டாத்தான் அதுல கரண்டு வரும்னு தெரியாதாண்ணே?”

“தெரியுமே. அதுக்குத்தானே சனிக்கெழம தொறக்குறேன். படகு ஓடுறப்பதானே கரண்டு வேணும்? சும்மா நிக்கிறப்ப எதுக்குத் தேயணும்?”

தோட்டத்தில் எந்தச் சாமானையும் அப்படித்தான் வைப்போம். வேலை முடிந்தால் மூடு. மருந்தடிக்கும் டாங்கி, தராசு, விறகு, லொறி, எல்லாம். மூடாமல் விட்டால் ஏச்சு விழும். காவல் என்றால் மூடி வைப்பது. அந்த அறையில் டிவியும் ரேடியோவும் ரிமோட்டும் இருந்த இருப்பு நினைவுக்கு வந்தது.

நம்பினேனா? முழுதாக இல்லை. நடிக்கத் தெரிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே இறங்கி நகப்பூச்சைப் பார்த்தேன். கோடுகள் உடையவில்லை. அதன்பிறகு முக்கால்வாசி நம்பினேன்.

வெளியே வந்து சொன்னேன். “அஞ்சு நாளும் தொறந்து கெடந்தாத்தான் பேட்டரி நிரம்பும். நீங்க மூடுனதாலதான் செத்துப்போச்சு.”

அவர் கையில் இருந்த புல்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு அந்தப் புள்ளைங்க அழுததும் இதாலதானா?”

“ஆமா.”

“எஞ்சின் சத்தம் கேக்கல. பனி எறங்குது. அதான் யாரும் சொல்லுமுந்தியே போனேன்.” பிறகு கேட்டார். “மாத்தியாகிட்ட சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்.”

சொல்லாமலும் விடலாம். படங்கை எடுத்துவிட்டுப் புது வயர் போட்டு, கோளாறு வயரில்தான் இருந்தது என்று முடித்திருக்கலாம். ஆனால் மேனேஜர் மனதில் கள்ளன் இருப்பான். அடுத்த தடவை ஒரு பல்பு எரியாவிட்டாலும் இவர் தலைதான்.

போன் பண்ணினேன். மேனேஜர் இறங்கி வந்தார். படங்கைப் பார்த்தார்.

“யார் மூடச் சொன்னது?”

“நீங்கதான் மாத்தியா. கொண்டாந்து பூட்டின அன்னிக்கே சொன்னீங்க. இந்தக் கண்ணாடியில ஒரு கீறல் விழுந்தா ரூம விட்டுப் போகணும்னு.”

“அது சொன்னேன். மூடச் சொன்னேனா?”

“பாத்துக்கச் சொன்னீங்க.”

மேனேஜர் என்னிடம் திரும்பினார். “அக்கா, இது நல்ல கதை. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆக்கள். ராவுல கரண்ட் எடுக்கிறது, பகல்ல மூடி வைக்கிறது, பிடிபட்டா மூடினதாலதான்னு சொல்றது. அப்படியும் இருக்கலாம்தானே?”

இருக்கலாம். என் தொழிலில் நானும் அப்படித்தான் யோசிப்பேன். அதனால் கோபம் வரவில்லை.

“கோடு உடையல மாத்தியா.”

“கோடு போட்டதை அவர் மனைவி பார்த்ததுதானே. தெரிஞ்சா யார் தொடுவாங்க?”

அந்த வாரம் படகில் ஆள் ஏற்ற வேண்டாம் என்று நிறுத்தியிருந்தார். ஞாயிறு வரை படங்கைக்கூட யாரும் தொடக்கூடாது, உள்ளது உள்ளபடியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார். பாதி ஏறியதும் திரும்பி வாச்சரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சாவிக்கொத்து என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அறையைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அளந்தேன். அதே பதினொன்று தசம் ஒன்பது. ஒரு வாரமாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“யாரும் எடுக்கல மாத்தியா. எடுத்திருந்தா எறங்கியிருக்கும்.”

“இந்த வாரம் எடுக்கல” என்றார் அவர்.

நானே படங்கை அவிழ்த்தேன். பிறகு திட்டப்படி வேலை செய்தேன். ‘இரண்டும்’ என்ற சுவிட்சை எடுத்துவிட்டு இரண்டு தனிச் சுவிட்ச். ரிலே. பியூஸ். தடித்த வயர். படகோட்டி வயர் இழுத்துக் கொடுத்தார். எஞ்சின் பேட்டரியைக் கடையிலிருந்தே நிரப்பிக் கொண்டுவந்திருந்தேன். விளக்குப் பேட்டரியை நிரப்பவில்லை. அது பேனலில் மட்டும்தான் ஏறவேண்டும், அதுதான் பேச்சு. எல்லா நட்டுக்கும் நகப்பூச்சு. இந்தத் தடவை மேனேஜர் தன் கையால் போட்டார். நீல நிறம், அவரே வாங்கி வந்தது. என் சிவப்பை அவர் நம்பவில்லை.

“சனிக்கிழமை மத்தியானம் ஆள் வருது. அதுக்கு முந்தி என்ன காட்டணும்?”

“பன்னெண்டரைக்கு மேல காட்டணும்.”

“காட்டலன்னா?”

வாச்சர் முந்திக்கொண்டார். “நான் போயிர்றேன் மாத்தியா.”

அந்த வாரம் மழை. திங்கள் பகல் முழுதும் பனி. செவ்வாயும் அப்படியே. கடையில் இருந்தபடி வானத்தைப் பார்த்தேன். ஹட்டனில் மழை என்றால் அங்கேயும் மழைதான். புதன்கிழமை கொஞ்சம் வெளித்தது. வியாழன் மறுபடி இருட்டு. எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. இரண்டு வாரம் பாதிக்குக் கீழே கிடந்த பேட்டரி. உள்ளே வெள்ளை பூத்திருந்தால் வெயில் அடித்தும் ஏறாது. அப்போது கள்ளன் இல்லாமலே களவு நடந்த மாதிரி ஆகிவிடும். அதற்கும் மேலே, கால்வாசி நம்பாத மனதும் இருந்தது. மழை இரவு, யாரும் வராத கரை, ஆணியில் ஒரு வயர்.

வெள்ளிக்கிழமை மேனேஜருக்குப் போன் பண்ணி அந்த மழைக் கணக்கைச் சொன்னேன். ஒரு வாரம் தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

“மழை எல்லாருக்கும் பெய்யுதுதானே அக்கா” என்றார்.

சனிக்கிழமை காலை போனேன். முதல் ஞாயிற்றுக்கிழமை இருந்த அதே ஆட்கள் இருந்தார்கள். மதினி வேலைக்குப் போகவில்லை, பேர் போடவில்லை, அன்றைய சம்பளம் போச்சு. அறை வாசலில் டிவி வெளியே இருந்தது. படங்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு உரச்சாக்கு, வாய் தைத்து. ஆணியும் சுவரும் வெறுமையாக இருந்தன.

“இப்பவே எதுக்கு மதினி?”

“போகச் சொன்னா ஒடனே போயிரணும் தங்கச்சி. நின்னு கட்டிக்கிட்டு இருக்கக்கூடாது.”

ஒரு வாரமாக வராத வெயில் அன்று வந்திருந்தது. பேனல் கண் கூசும்படி மின்னியது. நான் படகுக்குள் இறங்கினேன். மேனேஜர் தன் நீலக் கோடுகளை ஒவ்வொன்றாக டோர்ச் அடித்துப் பார்த்தார். உடையவில்லை. நான் மீட்டரை எடுத்தேன்.

“இருங்க அக்கா. இப்ப அளக்க வேண்டாம்.”

“ஏன்?”

“வெயில் படுது. சார்ஜ் ஏறுற நேரம் அளந்தா கூடக் காட்டும். நானும் விசாரிச்சேன்.”

சரியான பேச்சு. நானே சொல்லியிருக்கவேண்டும்.

“பேனல் வயரக் கழட்டவா?”

“கோடு உடையும். அளந்து முடியுமட்டும் கோடு இருக்கணும்.”

“அப்ப மூடணும்” என்றேன்.

படகோட்டிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

மேனேஜர் வாச்சரைப் பார்த்தார். “மூடு.”

“நான் தொடமாட்டேன் மாத்தியா.”

“நான்தானே சொல்றேன்.”

“போன தடவையும் நீங்க சொன்னதத்தான் செஞ்சேன்.”

மதினி அறைக்குப் போனார். டிவியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, நீலப் படங்கை உருவிக்கொண்டு வந்தார். அதே படங்கு. படகோட்டி ஒரு பக்கம் பிடிக்க, அவர் நான்கு மூலையும் கட்டினார். முடிச்சு விழுந்த இடமெல்லாம் பழைய தடத்திலேயே விழுந்தது. பெட்டியில் பச்சை விளக்கு அணைந்தது.

ஒரு மணி நேரம் இருக்கவேண்டும் என்றேன். இருந்தோம். மேனேஜர் துறைப் பலகையில் உட்கார்ந்தார். வாச்சர் நின்றார். படகோட்டி காலில் அட்டை தேடினார். மேலே வீட்டு வாசலில் மூடாத டிவி வெயிலில் இருந்தது. மதினி ஒரு தடவை அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, போய்த் தன் முந்தானையை விரித்துப் போட்டுவிட்டு வந்தார்.

நேரம் ஆனதும் எழுந்தோம். மீட்டரை நான் பிடிக்கவில்லை, மேனேஜரிடம் கொடுத்தேன். சிவப்பு முனையை எங்கே வைப்பது, கறுப்பை எங்கே வைப்பது என்று மட்டும் சொன்னேன். குனிந்து வைத்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டார். எண் கொஞ்சம் ஆடியது. ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தார். வாச்சர் மேலே, குனிந்து உள்ளே பார்க்காமல், தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவருக்குக் கேட்கட்டும் என்றுதான் மேனேஜர் தமிழில் வாசித்தார்.

பன்னிரண்டு தசம் ஐந்து எட்டு.